ஒழுகும் வீடும் ஆச்சியும்

காலையிலிருந்து மழை. எங்கள் பழைய ஓட்டு வீடு நினைவுக்கு வந்துவிட்டது. ராத்திரி ஒழுக ஆரம்பித்தால் ஆச்சி எங்களை எழுப்பி ஆளுக்கொரு பாத்திரம் கொடுப்பாள். பித்தளைக் குண்டானில் விழுந்தால் ‘டிங்’, பிளாஸ்டிக் வாளியில் ‘தொப்’. யாருடையது முதலில் நிறையும் என்று பந்தயம். ஓடு மாற்றக்கூட காசில்லாமல், அப்பா வேலை இழந்து நின்ற சமயம் அது என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரியும். நினைவில் இருப்பதெல்லாம் சிரிப்புச் சத்தம்.

ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை, எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரண்டு உளவியலாளர்கள் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடி எனப் பல நெருக்கடிகளில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் தன்னம்பிக்கையும் அன்பும் உள்ள பெரியவர்களானார்கள். சின்ன வயதில் பற்றிக்கொள்ள அவர்களுக்கு யாரோ ஒருவர் இருந்தார். சிலருக்கு அது பாட்டி. அதைப் படித்த அன்று அழுதுவிட்டேன். வறுமைதான் பிள்ளையைப் பக்குவப்படுத்தும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். எங்களைப் பக்குவப்படுத்தியது ஆச்சி.

அந்தக் குண்டான் இப்போது என் அடுப்படியில். இன்று மகள் அதைத் தூக்கிக்கொண்டுபோய் வாசல் மழையில் வைத்திருக்கிறாள்.