சாக்ஸ் குதிகாலும் ஒரு ஸ்வெட்டர் கையும்: பின்னல் குழு அனுபவம்

சாக்ஸ் பின்னக் கற்றுக்கொள்ளத்தான் இந்தக் குழுவில் சேர்ந்தேன். முதல் சாக்ஸ் முடிந்துவிட்டது, இரண்டாவது குதிகால் வரை வந்திருக்கிறது. ஆனால் எழுத உட்கார்ந்தால், பக்கத்தில் உட்கார்ந்து பின்னியவர்களைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது. அதனால் இரண்டையும் கலந்தே எழுதுகிறேன்.

சாக்ஸ் மேலிருந்து கீழாக, 64 கண்ணிகள் (ஊசியில் நிற்கும் நூல் வளையங்கள்), 2.25 மி.மீ. வட்ட ஊசி. தொடக்கத்தில் இரண்டு நிட் (நேர்க் கண்ணி), இரண்டு பர்ல் (அதன் மறுபக்கக் கண்ணி) என்று மாற்றி மாற்றி ரிப், அதாவது இழுபடும் பட்டை, போட்டுவிட்டால், அப்புறம் கணுக்கால் வரை வெறும் நிட்தான். குழுவுக்குக் கொண்டுபோக இதைவிட நல்ல வேலை கிடையாது. துளைத் துளையாக வடிவம் வரும் லேஸ் வேலையை எல்லோரும் வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்கள். கண்ணைக் கேட்காமல் கை தானாக ஓடும் வேலைதான் பேச்சுக்கு ஏற்றது.

அந்தப் பேச்சு எப்படி நடக்கிறது என்று ஆரம்பத்தில் கவனித்துக்கொண்டே இருந்தேன். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. எல்லோர் பார்வையும் மடியில். ஒருவர் ஏதோ சொல்லி நிறுத்திவிட்டால் யாரும் அவசரமாக இட்டு நிரப்புவதில்லை, ஒரு வரிசை ஓடும், அப்புறம் அவரே தொடர்வார். வேலை போனதையும் வீட்டில் இருக்கும் நோயாளியையும் பற்றி அங்கே மனிதர்கள் பேசுகிற அளவுக்கு வேறெங்கும் பேசிக் கேட்டதில்லை. கையில் வேலை இருப்பதால் மௌனம் சங்கடமாகத் தெரிவதில்லை. இந்த நட்புகளுக்கு அதுதான் அடிப்படை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எழுதாத விதி ஒன்று உண்டு. யாராவது உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தால் அவரிடம் பேசக்கூடாது. புதிதாக வருபவர் வணக்கம் சொன்னாலும் பதில் வராது, பக்கத்திலிருப்பவர் விரலைக் காட்டி “எண்றாங்க” என்பார். எண்ணி முடித்ததும் அந்த வணக்கத்துக்குப் பதில் தவறாமல் வந்துவிடும்.

குதிகாலுக்கு வந்தபோது உதவியவர் ஓய்வு பெற்ற நர்ஸ் அக்கா. 64-இல் பாதி, அதாவது 32 கண்ணிகளை மட்டும் வைத்து 32 வரிசை போட வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியைப் பின்னாமல் நழுவவிட்டால், பிறகு பக்கத்துக்கு 16 கண்ணி எடுக்க விளிம்பு தயாராக இருக்கும். அதற்கப்புறம்தான் குதிகாலைத் திருப்புவது: 18 நிட், இரண்டைச் சேர்த்து ஒன்று, இன்னொரு நிட், திரும்பு. வரிசையை முடிக்காமல் பாதியிலேயே திரும்புவதை மனம் ஏற்க மறுக்கும். அக்கா என் ஊசியைத் தொடவே இல்லை. தன் சாக்ஸை எடுத்து அதே இடத்தை என்னோடு கூடவே பின்னிக் காட்டினார். கற்பவர் கையிலிருந்து ஊசியை வாங்கிச் சட்டென்று சரிசெய்து கொடுப்பவர்களும் உண்டு. நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், ஆனால் அதில் கற்பவருக்கு ஒன்றும் மிஞ்சாது. தட்டையான துணி திடீரென்று கிண்ணம்போலக் குழிந்து வருவதை நம் கையாலேயே பார்க்க வேண்டும்.

சாக்ஸின் விரல் நுனியை மூடுவது கிச்சனர் தையல்: இரண்டு ஊசியில் எதிரெதிரே நிற்கும் கண்ணிகளைத் தையலூசியால் இணைப்புத் தெரியாமல் சேர்ப்பது. முதல் உலகப் போர்க் காலப் பிரிட்டிஷ் அமைச்சர் கிச்சனர் பிரபுவின் பெயர் அது. இதை மட்டும் எங்கள் மேசையில் எல்லோரும் சேர்ந்து வாய்விட்டுச் சொல்வார்கள்: “முன்னால நிட் இறக்கு, பர்ல் நிறுத்து, பின்னால பர்ல் இறக்கு, நிட் நிறுத்து.” தைப்பவர் கடைசிக் கண்ணியை மூடும்வரை யாரும் நிறுத்துவதில்லை.

2005-இல் டேனியல் லாண்டஸ் தொடங்கிய பொதுவெளியில் பின்னும் தினம் இப்போது பல நாடுகளில் ஜூன் மாதத்தில் நடக்கிறது. நாங்களும் பூங்காவில் உட்கார்ந்து பின்னினோம். நின்று பார்த்துவிட்டுப் போன இளைஞர் ஒருவர் அடுத்த கூட்டத்துக்கு ஊசியோடு வந்து நின்றார்.

சரி, ஸ்வெட்டர் விஷயத்துக்கு வருகிறேன். குழுவில் ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. மகளுக்காகப் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரில் உடல் பகுதி அக்குள் வரை முடிந்திருந்தது, இரண்டு கையும் பாக்கி. நாங்கள் முடித்துத் தருகிறோம் என்று எல்லோரும் சொன்னோம். சொல்வது சுலபம். ஒரே நூல், ஒரே 4 மி.மீ. ஊசி என்றாலும் ஒவ்வொருவர் இறுக்கமும் வேறு. அவருடைய பின்னலில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி. மேல்கையில் வரும் 66 கண்ணியும் அந்த இறுக்கத்தில் 30 செ.மீ. சுற்றளவு. 20 கண்ணி வருபவர் பின்னினால் அதே 66-க்கு 33 செ.மீ., 24 வருபவர் பின்னினால் 27.5. ஒரே ஸ்வெட்டரில் இது பளிச்சென்று தெரியும்.

அதனால் மாதிரித் துண்டு பின்னிப் பார்த்தோம். ஸ்வெட்டர் கை குழாய்போல வட்டமாகப் பின்னுவது, ஆகவே துண்டையும் வட்டமாகவே பின்னினோம். தட்டையாகப் பின்னினால் பர்ல் வரிசைகள் இறுக்கத்தை மாற்றிவிடலாம். எல்லாவற்றையும் நனைத்து, உலர்த்தி, அப்புறம்தான் அளந்தோம். கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தவர் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றில் நின்றுவிட்டார். “இதை யார் போட்டது? என் கை மாதிரியே இருக்கே!”

அது மேசையின் அந்தக் கோடியில் உட்காரும், அதிகம் பேசாத பெண்மணியின் துண்டு. இருவரும் அதுவரை வணக்கத்தோடு சரி. அந்தப் பெண்மணி நூலை இடக்கையில் பிடிப்பவர், மணிக்கட்டு முறிந்தவர் வலக்கையில். ஆனாலும் அளந்தால் சரியாக 22. ஸ்வெட்டரின் இரண்டு கையும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதால் இரண்டையும் அந்தப் பெண்மணியே ஏற்றுக்கொண்டார்.

கண்ணிக் கணக்குக்குப் பின்னல் வடிவமைப்பாளர் எலிசபெத் சிம்மர்மன் (1910–1999) வகுத்த சதவீத முறை. உடல் 200 கண்ணி என்றால் மணிக்கட்டில் 20 சதவீதம், அதாவது 40. மேல்கையில் மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 66. கழுத்தில் 40 சதவீதம், 80. மணிக்கட்டிலிருந்து மேல்கைக்கு 26 கண்ணி கூட வேண்டும், சுற்றுக்கு இரண்டாக 13 முறை. கணக்கை நான் எழுதிக் கொடுத்தேன், பின்னியது அவர்.

அதிலிருந்து ஸ்வெட்டருக்கு உரியவருக்கு ஒவ்வொரு கூட்டத்திலும் அந்தப் பெண்மணியின் பக்கத்து நாற்காலி. பின்ன முடியாத நாளிலும் வந்து, நூல் சிக்கெடுத்து உருட்டிக் கொடுப்பார். அந்தப் பெண்மணி இத்தனை பேசுவார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. முந்தைய கூட்டத்தில் கைகளையும் உடலையும் ஒரே ஊசியில் சேர்த்தாயிற்று. இப்போது தோள் பகுதி குறைந்து வருகிறது. ஸ்வெட்டருக்கு உரியவருக்குக் கட்டுப் பிரித்தாயிற்று, விரல் இன்னும் முழுசாக மடங்கவில்லை. கழுத்து ரிப்பையும் கடைசி மூடலையும் மட்டும் தானே போட வேண்டும் என்று ஒரே பிடிவாதமாக இருக்கிறார். நாங்களும் 80 கண்ணியோடு நிறுத்திக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டோம்.

அது முடிந்ததும் இருவரும் ஒரே சால்வையை இரு முனையிலிருந்தும் ஆளுக்குப் பாதி பின்னி, நடுவில் கிச்சனர் தையலால் இணைக்கப் போகிறார்களாம். நூலின் கனமும் லேஸ் வடிவமும் பேசி முடித்துவிட்டார்கள். நிறத்தில்தான் இன்னும் இழுபறி.