பீப்பாயின் உட்சுவர்

2017இல் இலங்கை முழுவதும் 186,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு. கொழும்பு கொட்டாஞ்சேனையில் நான் பி.எச்.ஐ.யாக, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகராக, ஓடித்திரிந்த வருஷம் அது. தோட்டம் என்று நாங்கள் சொல்கிற நெருக்கமான குடியிருப்பில் ஒரு வீடு. அங்கே பைப்பில் தண்ணீர் ஒழுங்காக வராததால் பீப்பாயில் பிடித்து வைத்திருந்தார்கள். டோர்ச் அடித்தால் குடம்பிகள், நுளம்பின் புழுக்கள், நெளிந்து அடிக்கு இறங்கின.

"அக்கா, இதை உடனே கவிழ்த்து ஊத்துங்கோ."

"சரி தம்பி" என்று என் கண்முன்னே ஊற்றினார். படிவத்தில் குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

சில கிழமைகளில் அவருடைய மகன் ஆஸ்பத்திரியில். திரும்பப் போனபோது பீப்பாய் நிறையத் தண்ணீர், மறுபடியும் குடம்பிகள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, உட்சுவரில், மிளகுதூள் அப்பியதுபோல் கறுப்புப் புள்ளிகள். ஈடிஸ் நுளம்பின் முட்டைகள். அது நீர்விளிம்பின் ஈரச் சுவரில்தான் முட்டையை ஒட்டிவிடும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். எனக்குத் தெரிந்த பாடம்தான். ஊற்றச் சொன்னேன், தேய்க்கச் சொல்லவில்லை.

பிள்ளையைக் கடித்தது அந்தப் பீப்பாய் நுளம்புதானா என்று நிரூபிக்க முடியாது. ஆனாலும் அன்றிரவு நித்திரை வரவில்லை.

அவனுக்கு அது இரண்டாவது டெங்கு. வைரஸில் நான்கு வகை. ஒன்று வந்துபோனால் அந்த வகைக்கு மட்டுமே நீண்ட காலக் காப்பு. வேறு வகை தொற்றும்போது, முந்தைய தொற்றை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய பழைய பிறபொருளெதிரிகளே சிலவேளை வைரஸை உடற்கலங்களுக்குள் கூட்டிச் செல்கின்றன, நோய் கடுமையாகிறது. தம்பிக்காரனுக்கும் அதே கிழமை டெங்குதான். மூன்று நாள் காய்ச்சலோடு எழும்பி விளையாடினான். "காய்ச்சல் விட்டிட்டுது எண்டு சந்தோஷப்பட்டன் தம்பி" என்றார் அக்கா, மூத்தவனைப் பற்றி. காய்ச்சல் விடுகிற அந்த நேரத்தில்தான் சிலருக்கு இரத்தக்குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்குகிறது. நல்லகாலம், வாந்தி கண்டதும் கொண்டு ஓடினார். பிள்ளை பிழைத்தான்.

புகை அடிக்கச் சொல்லித்தான் சனம் கேட்கும். பறக்கிற நுளம்பு சாகும். சுவரில் இருக்கிற முட்டைக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீர் சீராக வராத வீட்டில் பீப்பாய் வைக்காதே என்று சொல்லவும் எனக்கு வாய் வராது. மூடி வை, கிழமைக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவு என்றுதான் சொல்லலாம்.

இப்போது பையில் ஒரு தும்புப் பிரஷ் இருக்கிறது. மே மழைக்கு முன், மாசி பங்குனி வெயிலிலேயே அந்தத் தோட்டத்துக்குப் போய்விடுவேன். "இப்ப நுளம்பே இல்லையே, தம்பி" என்பார்கள். ஒரு வெறும் பீப்பாயைச் சரித்து, உள்ளே கைவிட்டு நானே தேய்த்துக் காட்டுவேன்.