காத் வேறு, கிரியாத் காத் வேறு

வேதாகமத்தில் வரும் ஊர்கள் இன்று எங்கே இருக்கின்றன என்று தேடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வரைபடத்தில் 'காத்' என்று தேடினால் தென் இஸ்ரேலில் கிரியாத் காத் என்ற ஊர் வந்து நிற்கும். கோலியாத்தின் ஊர் இதுதான் என்று அங்கே புள்ளி வைத்தால் தப்பு. பக்கத்திலிருக்கும் தெல் எரானி மேட்டைக் காத் என்று நினைத்து 1950களில் புது ஊருக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். 1956இல் தோண்டத் தொடங்கிய பிறகு, அது கோலியாத்தின் இனத்தாரான பெலிஸ்தரின் பெருநகரம் இல்லை என்று தெரிந்தது. இன்று காத் என்று பரவலாக ஏற்கப்படுவது வடகிழக்கே உள்ள தெல் எஸ்-ஸாஃபி. ஊர்ப்பெயர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

ஆகவே இக்கால எபிரேயப் பெயரைச் சான்றாக எடுக்காதீர்கள். பழைய அரபுப் பெயர்தான் வேண்டும். பிரிட்டிஷ் நில அளவையாளர்களான கான்டரும் கிச்சனரும் 1870களில் பாலஸ்தீனத்தை அளந்து வரைந்த 26 தாள் வரைபடத்தில் அவை கிடைக்கும். அளவு, மைலுக்கு ஓர் அங்குலம்.

ஆனால் முதல் வேலை வசனத்தைப் படிப்பது. சீலோவை எடுத்துக்கொள்ளுங்கள். நியாயாதிபதிகள் 21:19 அதைப் பெத்தேலுக்கு வடக்கே, சீகேமுக்குப் போகும் பாதைக்குக் கிழக்கே, லெபோனாவுக்குத் தெற்கே வைக்கிறது. லெபோனா இன்றைய லுப்பான். அதற்குத் தெற்கே, பாதைக்குக் கிழக்கே சைலூன் என்ற இடிபாடு இருக்கிறது. திசையும் பெயரும் ஒன்றாகப் பொருந்துகின்றன. 1838இல் அரபு தெரிந்த எலி ஸ்மித்தோடு பயணித்த அமெரிக்க வேதாகம அறிஞர் எட்வர்ட் ராபின்சன் இப்படித்தான் பல ஊர்களைக் கண்டுபிடித்தார்.

பெயர் ஒப்பிடும்போது தமிழ் வேதாகமத்தின் எழுத்துக்கூட்டலை நம்பினால் வழுக்கும். கேசேரின் 'க'வும் லாகீஸின் 'க'வும் எபிரேயத்தில் வெவ்வேறு எழுத்துகள். மூல எழுத்தைப் பார்த்த பிறகுதான் மாற்றங்கள் பிடிபடும். கேசேரில் வரும் எபிரேய 'க' அரபில் 'ஜ' ஆகும்: கேபா ஜபா ஆனது, கிபியோன் ஜிப் ஆனது. 'ஷ' 'ஸ' ஆகும்: மிக்மாஷ், முக்மாஸ். கடைசி 'ல்' 'ன்' ஆவதும் உண்டு: பெத்தேல், பெய்தீன். சில இடங்களில் ஒலி போய்ப் பொருள் மட்டும் நிற்கும். தாண் என்றால் நியாயந்தீர்த்தவன். அந்த மேட்டின் அரபுப் பெயர் தெல் எல்-காதி, நீதிபதியின் மேடு.

அடுத்தது தூரம். 4ஆம் நூற்றாண்டில் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் எழுதிய ஊர்ப்பெயர்த் தொகுப்பு ரோம மைல் கணக்கில் தூரம் சொல்கிறது. ஒரு ரோம மைல் சுமார் 1.48 கி.மீ. எருசலேமிலிருந்து பெத்தேல் 12 மைல் என்கிறார், அதாவது 17.8 கி.மீ. பெய்தீன் நேர்கோட்டில் ஏறக்குறைய 17 கி.மீ. அவர் சொல்வது சாலைத் தூரம் என்பதால் இது நல்ல பொருத்தம். நேர்கோட்டில் அளந்துவிட்டு 'சரியாக வரவில்லையே' என்று குழம்புபவர்கள் மறப்பது இதைத்தான்.

எண்ணே மாறியிருந்தால் சிக்கல். லூக்கா 24:13இல் எருசலேமிலிருந்து எம்மாவு என்ற ஊருக்குத் தூரம் பெரும்பாலான கையெழுத்துப் பிரதிகளில் 60 ஸ்தாதியம் (பழைய கிரேக்க நீள அளவு), சுமார் 11 கி.மீ. சினாய் பிரதி என்ற பழைய கிரேக்கப் பிரதி உட்படச் சிலவற்றில் 160, கிட்டத்தட்ட 30 கி.மீ. இரண்டாவது எண் இம்வாஸ் என்ற ஊருக்கு ஒத்துவருகிறது. பெயரும் ஒத்துவருகிறது. ஆனால் எம்மாவுக்கு நடந்துபோன சீஷர்கள் இருவரும் அதே நாளில் திரும்பி எருசலேம் போனார்கள் என்கிறது கதை; அறுபது கிலோமீட்டர் நடை! ஏற்கெனவே இம்வாஸ்தான் எம்மாவு என்று நம்பிய யாரோ எண்ணைத் திருத்தியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது என் எண்ணம்.

கடைசிச் சோதனை பானையோடுகள். ஊர் பேசப்படும் காலத்து ஓடு மேட்டில் இருக்க வேண்டும். யோசுவா பிடித்ததாக வேதாகமம் சொல்லும் ஆயி என்று கருதப்படும் எத்-தெல் மேட்டில் 1933 முதல் 1935 வரை தோண்டியபோது, யோசுவாவின் காலத்துக் குடியிருப்பே அகப்படவில்லை. அப்படியானால் ஆயி எங்கே என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. பெயர் நகர்ந்துபோகும் என்பதையும் நினைவில் வையுங்கள். பெத்ஷிமேசின் பெயர் அருகிலிருந்த ஐன் ஷம்ஸில் ஒட்டிக்கொண்டது. பழைய ஊரோ தெல் எர்-ருமைலா.

எல்லாவற்றையும் விட உறுதியானது, ஊர்ப்பெயர் பொறித்த கல்லோ சட்டியோ அந்த இடத்திலேயே கிடைப்பது. கேசேர் அருகே 1874இல் 'கேசேரின் எல்லை' என்ற பாறை எழுத்து கிடைத்தது. எல்-ஜிப்பில் கிபியோன் பெயர் பொறித்த ஜாடிக் கைப்பிடிகள் கிடைத்தன. தெல் மிக்னேயில் 1996இல் எக்ரோன் என்ற பெயரும் அதன் அரசன் பெயரும் உள்ள கல்வெட்டு வெளிவந்தது. சிக்லாகு என்ற வேதாகம ஊருக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. அதனால்தான் தெல் செரா, தெல் ஹலீஃப், கிர்பெத் எர்-ராயி என்று பல மேடுகள் இன்னும் அந்தப் பெயருக்குப் போட்டியிடுகின்றன.