மலைக்கு ஒரு மோடம், கிண்டியில் ஒரு காப்புரிமை

ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தைப் பக்கம் பெய்யும் மழையின் அளவை வேலூருக்கு அனுப்பும் சிறு கருவி ஒன்றை நானும் நண்பர் ஒருவரும் செய்தோம். மலையில் சிக்னல் வரும், போகும். இல்லாத நேரத்தில், தரவை அனுப்பும் பாகமான மோடம், கைபேசிக் கோபுரத்தைத் தேடித்தேடியே பேட்டரியைத் தீர்த்துவிடும். எனவே சிக்னல் எப்போது நன்றாக இருக்கிறது என்று கவனித்து, அந்நேரத்தில் மட்டும் மோடத்தை எழுப்பும் தனிச் சுற்று ஒன்றை அமைத்தோம்.

எந்தத் தொழில்நுட்பத்தை நம்புவது என்பதே முதல் சிக்கல். குறைந்த மின்சாரத்தில் சிறு தரவுகளை நெடுந்தூரம் அனுப்பும் கம்பியில்லா முறையான லோராவுக்கு உரிமம் தேவைப்படாத அலைவரிசை உண்டு. ஆனால் அதன் அடிப்படை முறை செம்டெக் என்ற ஒரே நிறுவனத்தின் காப்புரிமைக்குள் (பேட்டன்ட்) இருக்கிறது. 4ஜி கைபேசிகள் பயன்படுத்தும் எல்டிஇ பொதுத் தரம்தான். அதற்குள்ளோ எண்ணற்ற நிறுவனங்களின் காப்புரிமைகள். 2013இல் தொலைத்தொடர்பு நிறுவனமான எரிக்சன், கைபேசி நிறுவனமான மைக்ரோமேக்ஸ் மீது தில்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், காப்புரிமையைப் பயன்படுத்தத் தரவேண்டிய இடைக்கால ராயல்டி, உள்ளிருக்கும் சில்லின் (சிப்) விலையில் அல்ல, கைபேசியின் விலையில் கணக்கிடப்பட்டது. சிறு தயாரிப்பாளரை அச்சுறுத்தும் செய்தி இது. ஆனாலும் லோராவுக்கு மலையில் சிக்னலை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் தனி கேட்வே வைத்துப் பராமரிக்க ஆள் கிடையாது. எல்டிஇயையே எடுத்துக்கொண்டோம்.

எங்கள் சுற்றுக்குக் காப்புரிமை கேட்டு, சென்னை கிண்டி காப்புரிமை அலுவலகத்துக்கு இணையம் வழியே, கண்டுபிடிப்பை விவரிக்கும் முதற்கட்ட ஆவணமான தற்காலிக விவரக்குறிப்பை அனுப்பினோம். தனிநபருக்குக் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரக்குறிப்பை 12 மாதங்களுக்குள் தர வேண்டும்.

விண்ணப்பத்தை ஆராய்ந்து ஆட்சேபங்களைச் சொல்லும் முதல் ஆய்வறிக்கைதான் உண்மையான தேர்வு. மோடத்தை உறங்கவைக்கும் முறை, எல்டிஇ போன்ற கைபேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 12ஆம் வெளியீட்டிலேயே இருக்கிறது என்றார் ஆய்வாளர். கூடவே, வெறும் அல்காரிதத்துக்கு (கணிப்பு வழிமுறைக்கு) காப்புரிமை கிடையாது என்னும் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவையும் காட்டினார். பதில் தர 6 மாதம். 3ஜிபிபியின் கூட்ட ஆவணங்கள் யாரும் இலவசமாகப் படிக்கக்கூடியவை. மாலை முழுவதும் அவற்றிலேயே கழிந்தது. உறங்கவைக்கும் முறைக்கே பொதுவாக உரிமை கேட்ட கோரிக்கையை விட்டுக்கொடுத்து, எங்கள் சுற்றையும் அது மிச்சப்படுத்தும் மின்சாரத்தையும் மட்டும் பிடித்துக்கொண்டோம். காணொலி விசாரணையில் அளவீடுகளைக் காட்டியபோது ஆய்வாளர் கேட்ட கேள்விகள் கூர்மையானவை, நியாயமானவை. அதன்பின் காப்புரிமை வழங்கப்பட்டது.

இதே வழியில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் காப்புரிமை, பிறர் உங்கள் முறையைப் பயன்படுத்துவதைத் தடுக்கும். பிறருடைய காப்புரிமையிலிருந்து உங்களைக் காக்காது. வாங்கும் மோடத்துக்குள் இருக்கும் தொழில்நுட்பங்களுக்கு எந்தெந்த உரிமங்கள் பெறப்பட்டுள்ளன என்பதைத் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாங்கள் கேட்ட இடங்களில் ஒரே ஒருவர்தான் தந்தார்; அவரிடமே வாங்குகிறோம்.