பேஸ் ஏக்கரும் கவுண்டி மானியப் பட்டியலும்

அமெரிக்காவில் ஒரு கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரியான பகுதி) யாருக்கு எவ்வளவு பயிர் மானியம் போனது என்ற பட்டியல் கையில் கிடைத்ததும் பலர் முதலில் செய்வது, மொத்தத் தொகையைச் சாகுபடிப் பரப்பால் வகுத்துப் பார்ப்பது. அங்கேயே கணக்கு உதைக்கும். 2014 விவசாயச் சட்டம் கொண்டுவந்த பிஎல்சி (விலை சரிந்தால் ஈடு தரும் திட்டம்), ஏஆர்சி (வருவாய் சரிந்தால் ஈடு தரும் திட்டம்) இரண்டும் வயலில் இன்று என்ன நிற்கிறது என்று பார்த்துப் பணம் தருவதில்லை. பழைய சாகுபடியை வைத்துப் பண்ணையின் பேரில் பதிவான ‘பேஸ் ஏக்கர்’தான் அளவுகோல். மக்காச்சோள பேஸ் உள்ள நிலத்தில் இப்போது சோயா போட்டிருந்தாலும் மக்காச்சோளக் கணக்கில்தான் பணம் வரும்.

பிஎல்சிக்கு ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 2016 மக்காச்சோளத்துக்குச் சட்டம் வைத்த ஆதார விலை புஷலுக்கு (அங்கே தானியம் அளக்கும் அலகு) 3.70 டாலர். அந்தச் சந்தை ஆண்டின், அதாவது அந்த விளைச்சல் விற்பனையாகும் பன்னிரண்டு மாதங்களின், தேசிய சராசரி விலை 3.36. வித்தியாசம் 34 சென்ட். பண்ணைக்கு 100 பேஸ் ஏக்கர், பதிவான மகசூல் ஏக்கருக்கு 120 புஷல் என்று வைத்துக்கொள்வோம். பேஸில் 85 சதவீதத்துக்கு மட்டுமே பணம். ஆக 0.34 × 120 × 85 = 3,468 டாலர். பட்ஜெட் வெட்டு என்று இதிலும் கொஞ்சம் பிடிப்பார்கள். 2025 பயிர் முதல் சட்டம் வைத்த ஆதார விலை 4.10 டாலர்.

ஏஆர்சியின் கவுண்டி வகை விலையை மட்டும் பார்க்காது, வருவாயைப் பார்க்கும். அதுவும் உங்கள் வருவாயை அல்ல, கவுண்டி சராசரியை. ஆலங்கட்டி மழையில் ஒருவர் வயல் மட்டும் படுத்துவிட்டால் இதில் ஒரு சென்ட் கிடைக்காது. விளைச்சல் அமோகமாக இருந்தவருக்கும் கவுண்டி சரிந்தால் பணம் வரும். ஏமாற்று வேலை என்று இதைச் சொல்வார்கள், ஆனால் திட்டத்தின் விதியே அப்படித்தான்.

வருஷமும் இடறும். 2016 பயிரின் சந்தை ஆண்டு 2017 ஆகஸ்டில்தான் முடியும், பணம் அந்த அக்டோபருக்குப் பிறகு. 2017 தொகையை 2017 வறட்சியோடு முடிச்சுப் போடக் கூடாது.

யாருக்குப் போகிறது? ரொக்கக் குத்தகை என்றால் குத்தகைதாரருக்கு. விளைச்சலைப் பங்கிடும் வாரக் குத்தகை என்றால் நில உரிமையாளருக்கும் பங்கு உண்டு. ஒரு நபருக்கான உச்சவரம்பு 1,25,000 டாலராக இருந்தது, 2025 பயிருக்கு 1,55,000 ஆனது. கூட்டாண்மைப் பண்ணையில் தகுதியுள்ள கூட்டாளி ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரம்பு. ஒரே பெயரில் பெரிய தொகை தெரிந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

பணம் நின்றுபோவது பெரும்பாலும் காகிதத்தில்தான். பண்ணை நடத்தும் விவரத்துக்கு சிசிசி-902 படிவம், வருமான வரம்புக்கு சிசிசி-941, மண் அரிப்பு நிலம், சதுப்பு நிலம் பற்றிய உறுதிமொழிக்கு ஏடி-1026. கடைசிப் படிவம்தான் ஆபத்தானது: ஒருவர் ஒரு மூலையில் சதுப்பை வடித்துப் பயிரிட்டால் அவருடைய மற்ற நிலங்களுக்கான பணமும் போகலாம். பிறகு எந்தப் பயிர் எவ்வளவு பரப்பில் என்று சொல்லும் எஃப்எஸ்ஏ-578 பரப்பு அறிக்கை. வசந்தகாலப் பயிர்களுக்குப் பல இடங்களில் ஜூலை 15 கெடு. குத்தகை கைமாறியதை எஃப்எஸ்ஏ (பண்ணைச் சேவை முகமை) அலுவலகத்தில் சொல்லாமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. பேஸில் 15 சதவீதத்துக்கு மேல் காய்கறி, பழம் போட்டால் மிஞ்சிய ஒவ்வொரு ஏக்கருக்கும் ஒரு ஏக்கர் பணம் கழியும்.

பயிர்க் காப்பீட்டு பிரீமியத்துக்கான மானியம் இந்தப் பட்டியலில் வராது. அது விவசாயி கைக்கு வராமல் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போவதால், பெயரைப் போட்டுத் தேடினாலும் அகப்படாது.