காலை 10.47க்கு வந்த குறுஞ்செய்தி

தம்பி அன்று கெட்ட வார்த்தை பேசினான், மறைக்க மாட்டேன். தலைக்கவசம் போடாததற்கு அபராதம் எழுதிய காவலரிடம் வாயை விட்டான், கையை நீட்டவில்லை. 2022 ஆகஸ்டில் நடந்தது. 2024 ஜூன் வரை நடப்பில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ஆபாசமாகப் பேசியதற்கான 294(பி) பிரிவோடு விட்டிருந்தால் அபராதம் கட்டிவிட்டு வந்திருப்போம். அரசு ஊழியரைத் தாக்கியதாக 353-ஐயும் சேர்த்தார்கள். அது ஜாமீனில் வரமுடியாத பிரிவு. கிளைச் சிறையில் பதினோரு நாள் இருந்தான்.

353க்கு உச்சத் தண்டனையே 2 ஆண்டுதான். இப்படிப்பட்ட வழக்குகளில் எடுத்ததுமே கைது செய்யக் கூடாது, அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஏ பிரிவுப்படி அறிவிப்பு கொடுத்து அழைத்து விசாரிக்கலாம் என்று அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014இலேயே சொல்லிவிட்டது. நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் காவலரான ரைட்டரிடம் இதைச் சொன்னேன். "அதைக் கோர்ட்டில் போய்ச் சொல்லுங்கள் சார்" என்றார், தலையைத் தூக்காமல்.

கைதுக் குறிப்பில் அப்பா கையெழுத்துப் போட்டபோது நேரத்துக்கான இடம் காலியாக இருந்திருக்கிறது. பதற்றத்தில் அவர் பார்க்கவில்லை. பிறகு அதில் மாலை 6 மணி என்று ஏறியிருந்தது. முதல் தகவல் அறிக்கையில் சம்பவமே மாலை 4 மணிக்கு. அவனை வண்டியில் ஏற்றியதோ காலை 11 மணிக்குள்! காலி இடம் இருக்கும் தாளில் யார் சொன்னாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அபராத ரசீது வெயிலில் வெளுத்து வெறும் தாளாகியிருந்தது. ஆனால் வண்டி அப்பா பெயரில் இருந்ததால் அவருடைய பழைய கைபேசிக்கு அபராதக் குறுஞ்செய்தி வந்திருந்தது: காலை 10.47. கிடைத்துவிட்டது என்று துள்ளினோம். மின்னணு ஆதாரத்தோடு கொடுக்க வேண்டிய 65பி சான்றை (அப்போதைய சாட்சியச் சட்டப்படி) இணைக்க வக்கீல் மறந்தார். நடுவர் ஒரே வரியில் அதை ஒதுக்கிவிட்டு, 2024 பிப்ரவரியில் 6 மாதம் சிறை என்றார். முதல் குற்றம், 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி விடுவிக்கலாமே என்று எங்கள் தரப்பில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

தண்டனை 3 ஆண்டுக்குள் என்றால், மேல்முறையீடு செய்யும்வரை அதே நீதிமன்றமே தண்டனையை நிறுத்திவைக்கலாம். தீர்ப்பு நாளன்றே இரண்டு ஜாமீன்தாரர்களை வீட்டுவரி ரசீதோடு கூட்டிப்போங்கள். எங்களுக்கு ஒருவருடைய ரசீது பழையது. அதை வாங்க முப்பது கிலோமீட்டர் ஓடி, கோர்ட் கலைவதற்குப் பத்து நிமிடம் முன்னால் திரும்பினேன்.

சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் உடனே, இலவசமாகத் தர வேண்டும். நகல் பிரிவில் "மனுப் போட்டுவிட்டு வாருங்கள்" என்று மூன்று முறை அலையவிட்டார்கள். நான்காம் முறை, அப்படித் தரச் சொல்லும் அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 363ஆம் பிரிவை அச்சிட்டுக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அன்று மாலையே கிடைத்தது. மேல்முறையீட்டுக்கு இருப்பது 30 நாள். அதில் பாதியை அங்கேயே தொலைத்திருந்தோம்.

செஷன்ஸ் நீதிமன்றம் குறுஞ்செய்தியை, இந்த முறை சான்றோடு, கூடுதல் சாட்சியமாக ஏற்றது. காலையில் அபராதம் எழுதிய தகராறு மாலை 4 மணிக்கு எப்படி நடந்தது என்பதற்கு அரசுத் தரப்பில் பதில் இல்லை. 353 போனது. 294(பி)க்கு 500 ரூபாய் அபராதம் நின்றது. அது நியாயம்தான், கட்டினோம். பதினோரு நாளை யாரிடம் கேட்பது?

சென்ற மாதம் பாஸ்போர்ட் விசாரணைக்குப் போனால், நிலையப் பதிவில் 353 அப்படியே இருக்கிறது. ரைட்டர் மாறியிருந்தார். "தீர்ப்பு நகல் இருக்கிறதா?" என்றார். பையில் மூன்று படிகள் வைத்திருந்தேன்.