அறிவிப்புப் பலகையும் என் முகமும்

ஜூன் 13, வெள்ளி

அலுவலக வரவேற்பறையை ஒட்டி இருக்கும் பெரிய பலகையை இந்த மாதம் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். "வித்தியாசமான தோற்றம் உள்ளவர்களைக் கொண்டாடலாமே" என்பது மேலிடத்து யோசனை. அது ஏன் என்னைத் தேடி வந்தது என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் இரண்டு கைகளிலும் வெண்புள்ளி உள்ள ஆள் இந்த மாடியில் நான் ஒருத்திதான். கோபம் வரவில்லை. வேறு யாரிடமாவது கொடுத்தால் சூரியோதயப் படமும் நாலு பொன்மொழியும் வரும். அதற்கு நானே செய்துவிடலாம்.

இன்று சர்வதேச அல்பினிசம் விழிப்புணர்வு நாள். தோலுக்கும் முடிக்கும் கண்ணுக்கும் நிறம் தரும் மெலனின் பிறவியிலேயே இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருப்பதுதான் அல்பினிசம். ஐ.நா. பொதுச்சபை 2014 டிசம்பரில் தீர்மானித்து, 2015 முதல் கடைப்பிடிக்கிறார்கள். எனவே முதல் படம் இக்போன்வோசா ஈரோ. நைஜீரியாவைச் சேர்ந்த வழக்கறிஞர். அல்பினிசம் உள்ளவர்களின் மனித உரிமைகளுக்காக ஐ.நா. உருவாக்கிய பொறுப்பில் 2015-ல் அமர்ந்த முதல் நிபுணர். அவருக்கும் அல்பினிசம் உண்டு.

அவர் கையில் எடுத்தது சின்ன விஷயம் இல்லை. அல்பினிசம் உள்ளவர்களின் உடல் உறுப்பு அதிர்ஷ்டம் தரும் என்ற மூடநம்பிக்கையால் ஆப்பிரிக்காவின் சில நாடுகளில் ஆட்களை வெட்டியிருக்கிறார்கள், குழந்தைகளைக் கடத்தியிருக்கிறார்கள், கல்லறைகளைத் தோண்டியிருக்கிறார்கள். இன்னொரு பக்கம் சத்தமில்லாமல் கொல்வது வெயில். மெலனின் இல்லாத தோலுக்குப் புற்றுநோய் ஆபத்து மிக அதிகம். ஒரு சன்ஸ்கிரீன் குழாயும் அகலமான தொப்பியும் ஆயுளைக் கூட்டும் என்ற நிலை. பார்வைக் குறைவும் சேர்ந்தே வரும் என்பதால் பள்ளியில் முதல் வரிசை இடம் கேட்பது சலுகை ஆகாது.

குறிப்பு எழுதினேன். முதல் வரியில் அவருடைய வேலை, இரண்டாம் வரியில் அதனால் என்ன நடந்தது, தோல் பற்றி மூன்றாம் வரியில். எல்லாப் படத்துக்கும் இதே வரிசைதான் என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

புது அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனேன். படம் எடுத்த பையன் நல்லவன். உட்காரச் சொன்னான், முகவாயைக் கொஞ்சம் தூக்கச் சொன்னான், எடுத்தான். பத்து நிமிடத்தில் அச்சாகி வந்த படத்தில் என் தங்கை மாதிரி ஒருத்தி இருந்தாள். எனக்குத் தங்கை கிடையாது.

"நானே எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன் மேடம்" என்றான் சந்தோஷமாக. கண்ணைச் சுற்றி இருந்த வெள்ளை போய்விட்டது, வாயோரமும் ஒரே நிறம். இந்த அட்டையை வாசலில் காட்டினால் காவலாளி என்னை உள்ளே விடுவாரா என்று கேட்டேன். அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. மறுபடி எடுத்தபோது மவுஸைத் தொடவே பயந்தான், பாவம்.

அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. முகப்பருவையும் தழும்பையும் அழிப்பது அந்தத் தொழிலில் அன்றாடம். எது முகம், எது அழுக்கு என்று அவனுக்கு யாரோ பழக்கிவிட்டிருக்கிறார்கள். இயந்திரங்களுக்கும் அப்படித்தான் பழக்கினார்கள். ஜாய் புவோலம்வினி அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருந்தபோது, முகம் கண்டறியும் மென்பொருளுக்கு அவருடைய கறுத்த முகம் தெரியவே இல்லை. வெள்ளை முகமூடியை மாட்டியதும் உடனே தெரிந்ததாம். அதை அவர் அப்படியே விடவில்லை. டிம்னிட் கெப்ரு என்ற இன்னொரு கணினி ஆய்வாளரோடு சேர்ந்து, முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்களைச் சோதித்து 2018-ல் வெளியிட்டார். வெளிர் நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம். கறுத்த பெண்களிடம் 34.7 சதவீதம் வரை. கறுத்த பெண்களில் மூன்றில் ஒருவரை ஆண் என்று சொல்லும் ஒரு பொருளைக் காசுக்கு விற்றுக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

புவோலம்வினி, கெப்ரு இருவரும் பலகைக்கு.

ஜூன் 16, திங்கள்

தோழி ஒருத்தி ஒரு பழைய ஆய்வை அனுப்பி, "பாதி நம்ம மனசுலதான் இருக்கு, பாரு" என்று எழுதியிருந்தாள். எனக்கு அந்த ஆய்வு முன்பே தெரியும். என்னைப் போன்றவர்களுக்கு அதை யாராவது ஒருவர் அனுப்பாமல் இருக்க மாட்டார்கள்.

1980-ல் க்ளெக், ஸ்ட்ரென்டா என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்தது. பங்கேற்றவர்களின் முகத்தில் ஒப்பனையால் ஒரு பெரிய தழும்பு வரைந்து கண்ணாடியில் காட்டினார்கள். பிறகு, அது வெடிக்காமல் இருக்கக் களிம்பு பூசுவதாகச் சொல்லி, அவர்களுக்குத் தெரியாமல் அழித்துவிட்டார்கள். தழும்பு இல்லாத முகத்தோடு போய் இன்னொருவரிடம் பேசிவிட்டு வந்தவர்கள், எதிராளி தன்னை முறைத்ததாக, இறுக்கமாக இருந்ததாகச் சொன்னார்கள்.

அழகான சோதனை, மறுக்கவில்லை. எதிர்பார்ப்போடு போனால் எதையும் அதற்குத் தோதாகப் படிப்போம். ஆனால் இதிலிருந்து "எல்லாம் உன் கற்பனை" என்பதற்குப் போவது எப்படி? அவர்கள் அந்தத் தழும்போடு இருந்தது கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்ச நேரத்திலேயே தழும்புள்ளவரை உலகம் எப்படி நடத்தும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்ததே, அதை எங்கே கற்றார்கள்? அதுவரை அவர்களே எத்தனை பேரை அப்படிப் பார்த்திருப்பார்கள்! சோதனையில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அப்புறம், மீதிச் சில்லறையை என் நீட்டிய கையில் வைக்காமல் மேசையில் வைத்துத் தள்ளுகிறவர்கள் உண்டு. எனக்கு முன்னால் நின்றவருக்குக் கையில் கொடுத்ததைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருப்பேன். அதைக் கற்பனை என்றால் எனக்குக் கண் டாக்டர்தான் தேவை.

தோழிக்கு இவ்வளவும் எழுதவில்லை. "படித்தேன், நன்றி" என்று மட்டும் போட்டேன்.

ஜூன் 18, புதன்

குறிப்புகளுக்காகச் சண்டை. வடிவமைக்கும் பையன் தலைப்பாக "தோற்றத்தை மீறி வென்றவர்கள்" என்று பெரிய எழுத்தில் போட்டுவந்தான். எதை மீறி? ஈரோ தன் தோலை மீறி வழக்கறிஞர் ஆகவில்லை, சட்டம் படித்து ஆனார். மீற வேண்டியிருந்தது மற்றவர்களின் புத்தியை.

"அப்படிச் சொன்னாதானே அக்கா ஜனங்க நின்னு படிப்பாங்க?" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நின்று படிப்பார்கள், கண் கலங்குவார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அடுத்த நேர்காணலில் என்னைப் போன்ற ஒரு முகம் வந்தால் "வாடிக்கையாளர் முன்னால் நிற்கிற வேலை, யோசிக்கணும்" என்பார்கள். பழைய வேலை ஒன்றில் இதே வாக்கியத்தை எனக்கே சொன்னார்கள். சொன்னவர் முந்தின நாள்தான் யாருடைய தன்னம்பிக்கைக் கதையையோ எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். அந்தக் கதையும் அந்த வாக்கியமும் ஒரே மனதில் சண்டையில்லாமல் குடியிருக்கும். அதுதான் எனக்கு இந்தக் கண்ணீர்க் கொண்டாட்டத்தின்மேல் உள்ள சந்தேகம்.

வின்னி ஹார்லோ விஷயத்தில்தான் அதிக நேரம் போனது. கனடாவைச் சேர்ந்த மாடல். 2014-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியின் மாடல் போட்டி ஒன்றில் வந்தபின் உலகம் முழுக்கத் தெரிந்த முகம். எனக்கு இருக்கிற அதே வெண்புள்ளி. தன்னை வெண்புள்ளியால் "அவதிப்படுபவர்" என்று எழுதாதீர்கள் என அவரே பத்திரிகைகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பையன் எழுதிய குறிப்பில் அதே சொல் மூன்று இடத்தில். எல்லாவற்றையும் அடித்துவிட்டு "மாடல்" என்று ஆரம்பித்தேன்.

எய்மி மல்லின்ஸ் பற்றி அவனுக்கு நான் சொன்ன கதை மட்டும் பிடித்துவிட்டது. ஒரு வயதிலேயே முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் எடுக்கப்பட்டவர், 1996 அட்லாண்டா பாராலிம்பிக்கில் ஓடியவர். 1998-ல் லண்டனில் ஆடை வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மெக்வீனின் அணிவகுப்பில் நடந்தார். ஆஷ் என்ற மரத்தில் கொடியும் பூவுமாகச் செதுக்கிய கால்கள். பார்த்தவர்களில் பலர் அதைப் புதுவகை பூட்ஸ் என்றே நினைத்தார்களாம். "அந்த பூட்ஸ் எங்கே கிடைக்கும்னு கேட்டிருப்பாங்க இல்ல?" என்று சிரித்தான். கேட்டிருப்பார்கள்.

தலைப்பு இன்னும் முடிவாகவில்லை.

ஜூன் 19, வியாழன்

தலைப்பே வேண்டாம் என்று முடிவு. பெயர், வேலை, படம். பையனுக்கு ஏமாற்றம், எழுத்துரு தேர்ந்தெடுத்து வைத்திருந்தானாம்.

ஜூன் 21, சனி

மாடி வீட்டுக் குழந்தை என் கையைப் பார்த்துக் கேட்டாள்: "ஆன்ட்டி, வெயில்ல போனா இந்த வெள்ளையும் கறுக்குமா?" அவள் அம்மா பதறி, "ச்சீ, அப்படியெல்லாம் கேக்கக் கூடாது" என்று இழுத்தார். என்னிடம் இதுவரை பெரியவர்கள் யாரும் கேட்காத உருப்படியான கேள்வி அது! கறுக்காது, சிவந்து எரியும் என்றேன். நிறம் தரும் செல்களை உடம்பின் காவல் படையே தப்பாக அடித்துவிட்டது, அதனால் அந்த இடத்துக்குக் குடை இல்லை என்று சொன்னேன். தொட்டால் ஒட்டாது என்றும் சொன்னேன், அம்மாவுக்குக் கேட்கும்படி. உலகில் நூறு பேருக்கு ஒருவர், இருவர் என்ற கணக்கில் இருப்பதைப் பற்றிப் பேச இவ்வளவு பதற்றம் எதற்கு? "ச்சீ" என்று அடக்கும்போது குழந்தை கற்பது மரியாதை இல்லை, இது வாயில் வரக்கூடாத ஏதோ ஒன்று என்பதைத்தான்.

இதற்கு நேர் எதிரான தொல்லை ஒன்று இருக்கிறது. நான் களிம்பு போடுகிறேன் என்று தெரிந்தால் சிலர் முகம் சுருங்குகிறது: "பெருமையா இருக்கணும்னு சொல்ற, அப்புறம் எதுக்கு மருந்து?" வெண்புள்ளியில் நிறத்தைத் திரும்பக் கொண்டுவரவே அனுமதிக்கப்பட்ட முதல் களிம்பு ருக்சோலிட்டினிப், அமெரிக்காவில் 2022 ஜூலையில் வந்தது. பொறுமை வேண்டும், மாதக்கணக்கில் போட வேண்டும். நிறம் திரும்புவது பெரும்பாலும் மயிர்க்காலைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக. என் இடது கன்னத்தில் அப்படி ஒரு கூட்டம் வந்திருக்கிறது. வந்தால் பார்ப்பேன், போனாலும் பார்ப்பேன். என் தோலை நான் என்ன செய்வது என்பதில் இரண்டு கட்சிக்கும் ஓட்டு கிடையாது.

ஜூன் 23, திங்கள்

பலகையின் ஒரு மூலை காலி. அங்கே ஒரு பழைய நகரச் சட்ட விதியைப் போட்டேன். 1881-ல் சிகாகோ நகரம், பார்க்க அருவருப்பாகத் தெரியும்படி உடல் சிதைந்தவர்களோ நோயுற்றவர்களோ தெருவில் தங்களைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று விதி போட்டது. அமெரிக்காவில் வேறு பல நகரங்களிலும் இதே போன்ற விதிகள். பிச்சையெடுக்கும் ஏழைகளைத்தான் அது முதலில் குறிவைத்தது. சிகாகோ அதை நீக்கியது 1974-ல். மனிதன் நிலவில் நடந்து ஐந்து வருடம் ஆன பிறகு.

"கொண்டாட்டப் பலகையில் இது எதற்கு?" என்று மேலாளர் கேட்டார். இந்தப் பலகையில் உள்ளவர்கள் எதிர்த்து நின்றது கண்ணாடியை இல்லை, இந்த மாதிரிக் காகிதங்களை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, எழுத்தைச் சின்னதாக்கச் சொன்னார். சரி.

பக்கத்தில் ஜேம்ஸ் பார்ட்ரிட்ஜ். 18 வயதில் காரில் தீப்பிடித்து முகம் வெந்தவர். முகத்தில் வேறுபாடு உள்ளவர்களுக்காக 1992-ல் பிரிட்டனில் சேஞ்சிங் ஃபேசஸ் அமைப்பைத் தொடங்கினார். இந்தப் பட்டியலிலேயே எனக்கு மிகவும் பிடித்த செயல் அவருடையது. 2009 நவம்பரில் ஒரு வாரம் ஒரு தொலைக்காட்சியில் மதியச் செய்தி வாசித்தார். தன் கதையைச் சொல்லவில்லை, அன்றைய செய்தியைத்தான் வாசித்தார். தழும்புள்ள முகம் திரையில் வந்தால் வில்லன் என்றே பழகிய கண்களுக்கு, அந்த முகத்திலிருந்து சாதாரண மதியச் செய்தி. அதே அமைப்பின் பிரச்சாரத்தால் 2018-ல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட், முகத் தழும்பை வில்லத்தனத்தின் அடையாளமாகக் காட்டும் படங்களுக்கு நிதி தருவதில்லை என்று அறிவித்தது. உருக்கமான உரை ஆயிரம் கேட்டிருக்கிறேன். பணத்தை நிறுத்துவது வேறு ரகம்.

ஜூன் 25, புதன்

இன்று உலக வெண்புள்ளி நாள். பலகை காலையில் ஏறியது. மைக்கேல் ஜாக்சன் 2009-ல் இறந்த தேதி என்பதால்தான் இந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே அவர் படம் நடுவில், "பாடகர், நடனக் கலைஞர்" என்ற குறிப்போடு.

எதிர்பார்த்தபடி கூட்டம் அங்கேதான். கணக்குப் பிரிவில் ஒருவர் அடித்துச் சொன்னார்: "அவர் வெள்ளைக்காரன் ஆகணும்னு ஆபரேஷன் பண்ணிக்கிட்டவர். இதுல எப்படி வந்தார்?" 1993-ல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரீயின் நேர்காணலிலேயே தனக்கு நிறமிழக்கும் தோல் நோய் இருப்பதாக அவர் சொன்னதையும், இறந்தபின் உடற்கூறு ஆய்வறிக்கை அதை உறுதி செய்ததையும் சொன்னேன். "அப்ப முழுசா எப்படி வெளுத்தது?" நல்ல கேள்வி. உடம்பில் பெரும்பகுதி வெளுத்துவிட்டால், மிச்சமிருக்கும் நிறத் திட்டுகளையும் மருந்து போட்டு வெளுக்கவைத்து ஒரே நிறமாக்குவது மருத்துவத்தில் ஏற்கப்பட்ட வழிதான். மோனோபென்சோன் என்ற களிம்பு அதற்கென்றே இருந்தது.

அவர் நம்பவில்லை. மூக்கைப் பற்றி ஆரம்பித்தார். மூக்குக்கு நான் பொறுப்பில்லை என்றேன். வடிவமைக்கும் பையன் இடையில் புகுந்து அந்த நேர்காணலைத் தன் போனில் தேட ஆரம்பிக்க, இன்னும் நாலு பேர் சேர்ந்தார்கள். சாப்பாட்டு இடைவேளை முடிந்தும் வாக்குவாதம் ஓடியது. நான் போய் என் வேலையைப் பார்த்தேன், மாதக் கடைசி அறிக்கை பாக்கி இருக்கிறது.

மாலையில் மேலாளர் வந்து, அடுத்த மாதப் பலகையும் நானே செய்கிறேனா என்று கேட்டார். தலைப்பு என்ன என்றேன். சாலைப் பாதுகாப்பாம். செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.